கங்காணி வைத்த இங்கிலீஷ் பரீட்சை

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். கையில் போன். அதற்குள்ளிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் கேள்வி கேட்கிறது. பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் பாராட்டுகிறது. இனிமேல் சின்ன வகுப்புகளுக்குப் பேச்சுப் பயிற்சி இப்படித்தானாம். எல்லாம் காட்டிவிட்டு, "ஏனுங்க டீச்சர், இது எதுவுமே இல்லாத காலத்துல அந்த எஸ்டேட்டுப் புள்ளைங்கள எப்படீங்க இங்கிலீஷ் பேச வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"கத்திக் கத்தித்தான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தபோது, "இதை எழுதி வைங்க டீச்சர்" என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு நிலக்கடலையும் கரும்பும் வெள்ளாமை. ஆசிரியப் பயிற்சி முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு, எழுபதுகளின் தொடக்கத்தில் இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற தொடக்கப் பள்ளி. "குளுருல செத்துப் போயிருவா" என்று அம்மா அழுதாள். சாகவில்லை. வேலையை விட்டு இறங்கும் வரைக்கும் அந்த மலையில்தான் இருந்தேன்.

பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற ரோட்டை விட்டு விலகி மேலே ஏறினால் எங்கள் எஸ்டேட். பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பலத்தால் பாடம் காதில் விழாது. நாலாம் வகுப்பு வரைக்கும்தான் அங்கே. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே பஜாரில் இருந்த பெரிய பள்ளிக்கு இறங்க வேண்டும். படிக்க வந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் எல்லாரும் தேயிலைக் காட்டிலோ ஃபாக்டரியிலோ வேலை செய்தவர்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து அவர்களுடைய பாட்டன்மார் மலையேறி வந்தவர்கள்.

தலைமை ஆசிரியை ஏலியம்மா டீச்சர் தொடுபுழைக்காரர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஆண்பிள்ளை நடை. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஒரு பிரச்சினையைக் கொண்டுபோனால், சரி என்றும் சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார். நாம் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "பின்னே?" என்பார். அப்புறம் என்ன என்று அர்த்தம். நாம் மேலும் சொல்வோம். மறுபடியும் "பின்னே?" இப்படி நாலைந்து 'பின்னே' தாண்டும்போது, என்ன செய்ய வேண்டும் என்று நம் வாயிலிருந்தே வந்துவிடும். "ஆ, அது செய்தால் மதி டீச்சரே" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மதி என்றால் போதும். முதல் வருடம் இந்த 'பின்னே' எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அது இல்லாமல் எனக்கு யோசிக்கவே வராது என்றாகிவிட்டது.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் முறையை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் பருவம் முழுக்கப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. காலையில் முதல் மணி நேரம். நான் கதவு வரைக்கும் நடந்துபோய்க்கொண்டே "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பேன். அடுத்து ஒரு பிள்ளை நடக்கும், நடந்துகொண்டே சொல்லும். அதன்பிறகு ஒரு பிள்ளை உத்தரவு போட, இன்னொன்று செய்யும். கொழுந்துக் கூடை, விறகு, குடை, கம்பளி என்று கையில் கிடைத்ததெல்லாம் பாடப்பொருள். செய்யாத ஒன்றைச் சொல்லக் கூடாது, சொல்லாமல் ஒன்றைச் செய்யவும் கூடாது. எழுத்து அதற்கப்புறம்தான். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருந்தது. இரண்டு வருடத்தில் என் நாலாம் வகுப்பு சளசளவென்று இங்கிலீஷ் பேசியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடுதான் ஒரு ஜூன் மாதம் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பில் சேர்க்கக் கீழே கூட்டிப்போனேன்.

பெரிய பள்ளியின் ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையையும் தன் மேஜைக்கு முன்னால் நிறுத்தி இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பார். பதில் வந்தால் ஐந்தாம் வகுப்பு. வராவிட்டால் மறுபடியும் நாலாம் வகுப்பு. எஸ்டேட்டில் அதற்கு அர்த்தம் வேறு. ஒரு வருடம் வீண் என்றால் எந்த வீட்டிலும் பொறுக்க மாட்டார்கள். பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். அப்புறம் கொழுந்துக் கூடைதான்.

முதல் பிள்ளை போய் நின்றது. "வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்?" பிள்ளை ஏதோ முணுமுணுத்தது. அவருக்குக் கேட்கவில்லை. "வாட்?" என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டது. அடுத்தது அவர் கண்ணாடியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தது. கடைசி வரைக்கும் ஒன்றுகூடத் தேறவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. "இவங்களுக்கு ஒண்ணும் அறியில்லல்லோ டீச்சரே" என்று, ஒன்றும் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடுதான் சொன்னார்.

வெளியே ரோட்டோரத்தில் நிறுத்தி அதே கேள்விகளை நான் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

மேலே வந்ததும் ஏலியம்மா டீச்சரிடம் கொட்டினேன். "அவங்களுக்கு எல்லாந் தெரியுமுங்க டீச்சர். எங்கிட்ட நல்லாப் பேசறாங்க."

"பின்னே?"

"அவருகிட்ட வாயே வரலீங்க."

"பின்னே?"

"என்னைத் தவிர வேற யாருகிட்டயும் அவங்க இங்கிலீஷ் பேசுனதே இல்லீங்களே. வீட்டுல தமிழ், கடையில தமிழ். என்ற மூஞ்சியப் பாத்தாத்தான் அது வாயில வருது."

"பின்னே?"

"இன்னுங் கொஞ்சம் மூஞ்சி வேணுமுங்க."

"ஆ" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கினோம். தேறாத பிள்ளைகளை வீட்டில் நிறுத்தாமல் மறுபடியும் அனுப்பச் சொன்னோம். எஸ்டேட்டில் பிள்ளைகள் தினம் யார் யாரைப் பார்க்கிறார்களோ அவர்களையெல்லாம் கேட்டோம். கடைக்காரர் கருப்பையா, போடிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் லாரி டிரைவர் முருகையா, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச் ஆயா வேலம்மா, மருந்து கொடுக்கும் கம்பவுண்டர், இன்னும் சில பேர். யாரும் ஆசிரியராக வேண்டாம், ஆளுக்கு ஒரே ஒரு பேச்சைக் கற்றுக்கொண்டால் போதும் என்றோம். கடைக்காரருக்குச் சாமான் வாங்கும் பேச்சு. டிரைவருக்கு எங்கே போகிறாய், எப்போது வருவாய். வேலம்மாவுக்குத் தம்பி தங்கைகளைப் பற்றி விசாரிப்பது. அதைத் தாண்டி யாரும் எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டளை: பிள்ளை தமிழில் கேட்டால் காதில் விழக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடம் பெரியவர்களால் நிறைந்தது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, கருப்பையா "வாட் டு யூ வாண்ட்" என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். வேலம்மாவுக்கு 'சிஸ்டர்' நாக்கில் புரளவில்லை, 'சிஸ்தரு' என்றாள். பரவாயில்லை, பிள்ளைக்குப் புரிந்தால் சரி என்றேன். "அப்ப எம் பேரனும் சிஸ்தருனு சொன்னா அடிக்கப்படாது டீச்சர்" என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

ஒரே மாதத்தில் எஸ்டேட்டே மாறிவிட்டது. உப்பு வாங்கப் போன பிள்ளை கடை வாசலில் நின்று வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் பெண்கள் "சொல்லுட்டி, சொல்லு, அடுப்புல ஒல கொதிக்கு" என்று விரட்டுவார்கள். லாரி வளைவில் திரும்பும்போது பிள்ளைகள் ஓடிப்போய் "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கத்துவார்கள். முருகையா தலையை வெளியே நீட்டி "ஐ ஆம் கோயிங் டு போடி!" என்று மலை எதிரொலிக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் சுடலைமுத்து கங்காணி குறுக்கே வந்தார்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டத்தை மேய்க்கும் மேஸ்திரியைக் கங்காணி என்பார்கள். சுடலைமுத்து நல்ல உயரம். மீசை, தொப்பி, காக்கிக் கோட்டு. அவருடைய குரல் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போகும். பிள்ளைகள் அவர் வரும் பாதையிலேயே நடக்க மாட்டார்கள். அவருடைய மகள் பேச்சியம்மாள் என் நாலாம் வகுப்பில் படித்தாள். கெட்டிக்காரி.

அன்றைக்கு நடந்ததைக் கருப்பையா என்னிடம் சொன்னார். பேச்சி கடைக்கு வந்து உப்பும் தீப்பெட்டியும் கேட்டிருக்கிறாள், அழகான இங்கிலீஷில். பின்னாலேயே அவள் அப்பா. கருப்பையா அதே வேகத்தில் வாய் தவறி, "வாட் டு யூ வாண்ட் கங்காணி?" என்று கேட்டுவிட்டார். கங்காணி முழித்திருக்கிறார். "ஒங்களுக்கு என்ன வேணும்னு கேக்காக அப்பா" என்று மகள் எடுத்துச் சொன்னாள். அவரும் விட்டுக்கொடுக்காமல் "பீடி வாண்டு" என்றார். "அப்பிடிச் சொல்லப்படாதுப்பா. 'ஐ வாண்ட்'னு சொல்லணும்" என்றாள் பேச்சி. கடை வாசலில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். எல்லாரும் அவர் கூட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள்.

மறுநாள் பேச்சி பள்ளிக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய வகுப்புக்குக் கருப்பையாவையும் முருகையாவையும் தவிர ஒருவரும் வரவில்லை. கங்காணி முகம் சுளித்தால் காட்டில் கொழுந்து அடர்ந்த நல்ல நிரை, அதாவது செடி வரிசை, கிடைக்காது என்று எல்லாருக்கும் பயம்.

ஏலியம்மா டீச்சரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"என்ன டீச்சர், பள்ளிக்கொடம் நடத்துதீகளா, கூத்து நடத்துதீகளா? பெத்த தகப்பன ஊரு சிரிக்க வைக்கதுக்கா எம் மவள அனுப்புனேன்?"

"பின்னே?" என்றார் ஏலியம்மா டீச்சர் அமைதியாக.

"நாளைக்குக் காட்டுல எவ என்னைய மதிப்பா? பீடி வாண்டு, பீடி வாண்டுன்னு முதுகுக்குப் பின்னால சிரிக்காளுக!"

"பின்னே?"

"இங்கிலீசு படிச்சுட்டு இவளுக என்ன கலெக்டராவா ஆகப் போறாளுக?"

"பின்னே?"

கங்காணி மூச்சு வாங்கினார். நான் ஏதோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஏலியம்மா டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கங்காணி, உங்க சப்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "மேல் காட்டுல நின்னு கூப்பிட்டா ஃபாக்டரி வரைக்கும் கேக்கும்" என்றார்.

"குட்டிகளுக்கு இந்த எஸ்டேட்டில யாரைக் கண்டா பேடி?"

"பேடின்னா பயமா? என்னையக் கண்டாத்தான்" என்றார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பேடி ஞங்களுக்கு வேணும்" என்றார் ஏலியம்மா டீச்சர். "கீழ ஹெட்மாஷ் முன்னால குட்டிகள் பேடிச்சு வாய் மூடுது. கடைக்காரரைக் கண்டு யாரும் பேடிக்கல்ல. டிரைவரைக் கண்டும் இல்ல. உங்க முன்னால நின்னு பதில் சொல்லுற குட்டி, கவர்னர் முன்னாலயும் சொல்லும். நீங்க வந்து எங்களுக்குப் பரீட்சை நடத்தித் தரணும்."

அவர் கோடாலியை எடுத்தார், கீழே வைத்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதே" என்றார். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கேள்வி மட்டுந்தானுங்க. பதில் அவங்க சொல்லிக்குவாங்க" என்றேன் நான்.

கேள்விகளைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து வரும் வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்று என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டிவிட்டுப் போவார். பகலில் காட்டில், "நிரைய விடாம பறிங்க" என்று கத்தும் அதே ராகத்தில் "வாட்டீஸ் யுவர் நேம்!" என்று ஒத்திகை பார்ப்பாராம். எதிர் மலையிலிருந்து எவளாவது "மை நேம் இஸ் மாரியம்மா!" என்று பதில் கொடுப்பாளாம். சிரித்தவர்கள் இப்போது அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். பேச்சி பள்ளிக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைப் பெஞ்சுகள் மறுபடியும் நிறைந்தன.

சனிக்கிழமை பரீட்சை. தலைமை ஆசிரியையின் மேஜை, நாற்காலி, அதில் கோட்டும் தொப்பியுமாகக் கங்காணி. பிள்ளை தனியாக உள்ளே வர வேண்டும். வணக்கம் சொல்ல வேண்டும். அவர் தலையசைக்க மாட்டார். பதில் முடியும் வரைக்கும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவர் "வாட்?" என்று உறுமினால் தப்பு என்று அர்த்தமில்லை, அதே பதிலை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள் அழுதார்கள். அதைவிட அவர்தான் கலங்கிப்போனார். "என்ன டீச்சர், இப்பிடி அழுவுதுக? நான் போயிருதேன்" என்று எழுந்துவிட்டார். ஏலியம்மா டீச்சர் அவரை உட்கார வைத்தார். மூன்றாவது வாரம் அழுகை நின்றது. பிறகு அவர் உறுமினால் பிள்ளைகளும் உறுமினார்கள். தகரக் கூரையில் மழை கொட்டினாலும் பதில் கேட்டது.

ஒருத்தியைத் தவிர. பேச்சி.

பெயர், வயது, ஊர் எல்லாம் கணீரென்று சொல்வாள். "வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்?" என்றதும் கல்லாகிவிடுவாள். உறுமினாலும் சரி, கெஞ்சினாலும் சரி. வாரா வாரம் இதே கதை. கங்காணிக்கு முகம் கறுத்துப்போகும். "ஊரான் புள்ளையெல்லாம் சொல்லுது, எம் புள்ளைக்கு மட்டும் என்னா?" என்பார். எனக்கும் விளங்கவில்லை. என்னிடம் தனியாக அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "அப்பா பேர அப்பா மூஞ்சிக்கு நேரா எப்பிடி டீச்சர் சொல்ல? சாமி குத்தம் ஆயிராதா?" என்றாள்.

நான் இதை யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்பா பெயரை அவர் முன்னால் நான் சொன்னதில்லையே. கங்காணியிடம் போய்ச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பேச்சியின் முறை வந்தது. வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இங்ஙன ஒங்கப்பன் இல்ல தாயீ" என்றார் மெதுவாக. பிறகு சுவரைப் பார்த்தே, முழுக் குரலில்: "வாட்டீஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்!"

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

"மை ஃபாதர்ஸ் நேம் இஸ் சுடலைமுத்து, சார்!"

வெளியே மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணி எழுந்து திரும்பியபோது மீசையைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கோடை விடுமுறை வருவதற்குள், நேருக்கு நேராக உட்கார்ந்து தன் பெயரை மகள் வாயால் கேட்டார்.

அடுத்த ஜூன். முருகையா தன் லாரியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். கங்காணி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஹெட்மாஸ்டர் முதல் பிள்ளையைக் கூப்பிட்டு, போன வருடத்தைப் போலவே கொஞ்சம் பரிதாபத்தோடு, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார். "மை நேம் இஸ் கனகராஜ், சார்!" மேஜையில் இருந்த பேனா உருண்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, "வாட்?" என்றார். அது வெறும் ஆச்சரியம். எங்கள் பிள்ளைக்கு அது உத்தரவு. இன்னும் உரக்கச் சொன்னான். பக்கத்து வகுப்பு வாத்தியார்களான மாஷ்மார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "பதுக்கெ, மோனே, பதுக்கெ" என்று, மெல்லப் பேசச் சொல்லி, அவர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றன்பின் ஒன்றாகத் தேறினார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை.

பேச்சி கடைசியில் போனாள். அப்பா பெயரைக் கேட்டார், சொன்னாள். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை நிறுத்தி எங்கள் ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "ஹூ டாட் யூ இங்கிலீஷ்?" யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பேச்சி நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மை டீச்சர், சார். அண்ட் ஷாப் மாமா, சார். அண்ட் லாரி மாமா. அண்ட் வேலம்மா. அண்ட் கம்பவுண்டர் சார்..." அவர் போதும் என்று கை காட்டினார். அவள் நிறுத்தவில்லை. வரிசை முடியவில்லையே. மாரியம்மாவையும் காட்டிலிருந்து பதில் கொடுத்த பெண்களையும் சொல்லி முடித்துவிட்டு, மூச்சு இழுத்து, "அண்ட் மை ஃபாதர், சார்" என்றாள்.

ஹெட்மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவளுடைய அச்சன் எந்தப் பள்ளியில மாஷ்?" என்று கேட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். கங்காணி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழைத் தூறலில் நின்றுகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் எழுந்து வெளியே போய், அவருக்குக் கை கொடுத்து உள்ளே கூட்டிவந்தார். தன் எதிரே இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

இந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது. அந்த மாதமே சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டம் ஒன்றிலிருந்து சில தகப்பன்மார் நடந்தே வந்து, ஏலியம்மா டீச்சர் முன்னால் நின்றார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கங்காணி வந்து பரீட்சை வைக்க வேண்டுமாம். "பின்னே?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

நான் காட்டுக்குப் போய்க் கங்காணியிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பினார்.

"போயிருவோம் டீச்சர். ஆனா பேச்சியும் கூட வரட்டும்" என்றார். "நான் கேக்கது எங்கனயாச்சும் தப்பாப் போச்சுன்னா, எல்லாரு முன்னாலயும் அவ என்னையத் திருத்தணும்."